நடுவரின் ஊதலும் நமது அளவுகோலும்

அண்மையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற உதைபந்தாட்டப் போட்டியைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. ஊரின் பெயரோ, ஆடிய கழகங்களின் பெயர்களோ இங்கு அவசியமில்லை. முதற் பாதியில், கோல் எல்லைக்குள் நின்ற பின்கள வீரன் ஒருவனின் கையிற் பந்து பட்டது. அவன் கை உடலோடு ஒட்டியே இருந்தது. பந்தோ மிக அண்மையிலிருந்து உதைக்கப்பட்டது. நடுவர் ஊதினார். தண்ட உதை வழங்கப்பட்டது, அது கோலாயிற்று. இரண்டாம் பாதியில், மறுபக்கத்தில், ஏறத்தாழ அதே காட்சி. இம்முறை பந்தைத் தடுத்தவனின் கை உடலை விட்டு நன்கு விலகியிருந்தது. நடுவரோ ஆட்டத்தைத் தொடருமாறு கையசைத்தார்.

அடுத்த கணம் கயிற்றைத் தாண்டிச் சிலர் மைதானத்துள் ஓடினர். வசை, தள்ளுமுள்ளு, ஏற்பாட்டாளரின் ஒலிபெருக்கி வேண்டுகோள் என்று கால் மணி நேரம் கழிந்தது. பின்னர் ஆட்டம் தொடர்ந்தது. ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் முடிந்தது. எனக்கருகில் நின்ற முதியவர் ஒருவர், தோற்ற ஊரைச் சேர்ந்த கடற்றொழிலாளி, சத்தமிடவுமில்லை, ஓடவுமில்லை. போகும்போது அவர் சொன்ன வார்த்தைகள் இவை: "பிழை விடுறது மனிசன்தானே தம்பி, விடட்டும். ஆனால் ரண்டு பக்கத்துக்கும் ஒரே பிழையை விடட்டும்."

இவ்வார்த்தைகளே இக்கட்டுரைக்குக் காரணம். உதைபந்தாட்ட இரசிகரின் கோபத்தைப் பற்றி நம்மிடையே எழும் பேச்செல்லாம் பெரும்பாலும் இருவகைப்படும். நடுவர்கள் யாவரும் பக்கச்சார்பானவர்கள் என்பது ஒன்று. இரசிகர்கள் யாவரும் காடையர் என்பது மற்றையது. முன்னது மைதானத்து ஓரத்திலும் பின்னது படித்தவர் வீட்டு விறாந்தையிலும் வழங்குவன. இரண்டுமே முதியவர் சுட்டிய பிரச்சினையைத் தொடவில்லை. அவர் பிழையற்ற நடுவரைக் கேட்கவில்லை. ஒரே அளவுகோலைக் கேட்டார். அவ்வளவுகோல் எங்கிருந்து பிறக்கிறது, ஏன் அது நம் மைதானங்களிற் கிட்டுவதில்லை என்பதே ஆராயப்பட வேண்டியது.

முதலில், இக்கோபத்தின் சமூக வேரை நோக்குவோம். கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் ஆங்கிலக் கல்வி தந்த பாடசாலைகளின் வழியே நம்மிடம் வந்தவைதாம். ஆனால் அவை சென்ற பாதைகள் வேறு. சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் இடையில் 1904ஆம் ஆண்டு முதல் ஆடப்பட்டுவரும் கிரிக்கெட் போட்டி 'வடக்கின் பெரும் போர்' எனப் பெயர் பெற்று, பழைய மாணவரின் பெருவிழாவாக நிலைத்துள்ளது. உதைபந்தாட்டமோ பாடசாலை மதிலைத் தாண்டி வெளியே வந்தது. குருநகர், பாஷையூர், நாவாந்துறை, இளவாலை, வதிரி என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே உதைபந்தாட்டம் நினைவுக்கு வரும் அளவுக்கு, கரையோரக் குடியிருப்புகளிலும் உழைக்கும் மக்களின் ஊர்களிலும் அது வேரூன்றியது. ஒரு பந்தும் வெறுங்காலும் போதும் என்பது அதன் பெருமை. இரவெல்லாம் கடலில் நின்றவன் மாலையில் மைதானத்துக்கு வருகிறான். அவனுடைய உழைப்புக்கும் திறமைக்கும் ஊரறிய மதிப்புக் கிட்டும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் மைதானம் ஒன்று. அங்கும் அவனுக்கு ஒரு நீதி, மற்றவனுக்கு ஒரு நீதி என்றால் அவன் பொறுப்பானா?

மேலும், இரட்டை அளவு என்பது இம்மண்ணுக்குப் புதியதன்று. 1971இல் நடைமுறைக்கு வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலின்போது, ஒரே பரீட்சையைத் தமிழில் எழுதிய மாணவனுக்கு ஒரு வெட்டுப்புள்ளியும் சிங்களத்தில் எழுதியவனுக்கு இன்னொரு வெட்டுப்புள்ளியும் விதிக்கப்பட்டன. அந்த அநீதி ஒரு தலைமுறையின் நெஞ்சில் எத்தகைய கசப்பை விளைவித்தது என்பதை நாமறிவோம். அளவு மாறும்போது எழும் சினம் நம் வரலாற்றோடு கலந்த சினம். ஆகவே மைதானத்தில் ஒலிக்கும் கூச்சலை வெறும் காடைத்தனம் என்று தள்ளிவிடுவது சமூக உணர்வுடையோர் செய்யத் தக்க காரியமன்று.

ஆயினும், இரசிகர் பக்கம் நின்று பேசுவோர் இங்கே நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. நமது கோபத்துக்கும் இரட்டை அளவு உண்டு. நம்மூர் வீரன் எதிரியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் அது சாமர்த்தியம். மற்ற ஊரான் இழுத்தால் குற்றம். நமக்குக் கிடைத்த தவறான தண்ட உதைக்காக மைதானத்துள் ஓடி, 'இது அநீதி, எங்களுக்கு வேண்டாம்' என்று சொன்ன இரசிகர் கூட்டம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. பல்கலைக்கழக வாசலில் நமக்கிழைக்கப்பட்ட அநீதி நம் கண்ணை உறுத்தியது. அதே யாழ்ப்பாணத்தில், தேநீர்க் கடையிலே சக தமிழனுக்குத் தனிக் குவளை வைத்தபோது பலருக்கு அது உறுத்தவில்லை. அது 'வழமை' ஆயிற்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட நேர்ந்தது. தனக்கு ஓர் அளவும் பிறர்க்கு ஓர் அளவும் வைத்திருக்கும் ஒரு சமுதாயம், ஒரே அளவுடைய நடுவரை எங்கிருந்து பெறும்? அவரும் நம்முள் ஒருவர்தாமே!

இனி, நடுவர் என்ற பாத்திரம் எவ்வாறு தோன்றிற்று என்பதைக் காண்போம். 1863இல் இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கம் தன் முதல் விதிகளை வகுத்தபோது, அவ்விதிகளில் நடுவருக்கு இடமே இருக்கவில்லை. உயர்குடிப் பாடசாலைகளிற் பயின்ற கனவான்கள் தமக்குள் ஆடும் ஆட்டம்; பிணக்கு நேர்ந்தால் இரு தலைவர்களும் பேசித் தீர்ப்பர். காலப்போக்கில் ஆட்டம் ஆலைத் தொழிலாளரின் கைக்கு வந்தது. 1883இல் பிளக்பேர்ண் ஒலிம்பிக் என்ற ஆலை நகரத்து அணி, ஈற்றன் பாடசாலையின் பழைய மாணவர் அணியைச் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் வீழ்த்தியது. 1885இல் ஊதியத்துக்கு ஆடுவது அனுமதிக்கப்பட்டது. 1888இல் லீக் போட்டி பிறந்தது. 1891இல் தண்ட உதை விதியாயிற்று; அதே ஆண்டில், கோட்டுக்கு வெளியே நின்று முறைப்பாடு கேட்டுக்கொண்டிருந்த நடுவர் முழு அதிகாரத்தோடு மைதானத்துள் வந்தார். இவ்வரிசை தற்செயலானதன்று. வெற்றி தோல்வியில் வெவ்வேறு வாழ்க்கைகளும் நலன்களும் மோதத் தொடங்கியபோது, 'நாம் கனவான்கள்' என்ற நல்லெண்ணம் மட்டும் போதாமற் போயிற்று. நல்லெண்ணம் தோற்ற இடத்தில் பொது நிறுவனம் ஒன்று வேண்டியிருந்தது. நடுவர் அந்நிறுவனத்தின் உறுப்பு, தனி மனிதரல்லர்.

இதை நாம் மறந்துவிட்டதே குழப்பத்தின் ஊற்று. விதிகள் இரும்புக் கம்பிபோல் நேரானவை, நடுவரே அவற்றை வளைக்கிறார் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையோ வேறு. பந்து கோட்டைத் தாண்டியதா என்பது உண்மை பற்றிய கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். கை 'இயல்புக்கு மாறாக' உடலைப் பெரிதாக்கியதா, மறிப்பு 'அளவுக்கு மீறிய' பலத்தோடு செய்யப்பட்டதா என்பன கருத்துப் பற்றிய கேள்விகள். கைப்பந்துக் குற்றத்தின் விதியே 2019இல் திருத்தி எழுதப்பட்டு, 2021இல் மீண்டும் திருத்தப்பட்டது. விதி வகுப்போரே இரண்டாண்டுக்கொரு முறை தடுமாறும் ஒரு விடயத்தில், ஒரு கணத்தில் ஒரே கோணத்திலிருந்து பார்க்கும் மனிதர் ஒருவர் எந்நாளும் ஒரே தீர்ப்பை வழங்குவார் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

உலகின் பெரிய மைதானங்களிலும் இதே கதைதான். 1966 ஜூலை 30ஆம் நாள் வெம்பிளியில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் 2 – 2 என நின்றன. மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் உதைத்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்திற் பட்டுக் கீழே விழுந்தது. சுவிற்சர்லாந்து நடுவர் கொட்ஃபிரீட் டீன்ஸ்ற், எல்லைக்கோட்டில் நின்ற சோவியத் அசர்பைஜானியர் தொஃபிக் பக்ரமோவைக் கலந்து கோல் வழங்கினார். அப்பந்து கோட்டை முழுமையாகத் தாண்டியதா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. அதே சுற்றின் கால் இறுதியில் ஆர்ஜென்டீனாவின் தலைவர் ரற்றீனை ஜேர்மன் நடுவர் கிறைற்லைன் வெளியேற்றினார். ஒருவரின் மொழி மற்றவர்க்குப் புரியவில்லை. ரற்றீன் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு மைதானத்தை விட்டு அகல மறுத்தார். இக்குழப்பத்திலிருந்து பிறந்தவையே மஞ்சள், சிவப்பு அட்டைகள். ஆங்கிலேய நடுவர் கென் அஸ்ரனின் சிந்தனையில் உருவான அவை 1970ஆம் ஆண்டின் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் முதன்முதல் பயன்பட்டன. மொழிப் பிணக்கின் கொடுமையை அறிந்த நமக்கு இவ்வரலாறு கூறும் பாடம் தெளிவு: தீர்ப்பு எல்லோருக்கும் புரியவேண்டும். புரியாத தீர்ப்பு, சரியானதாயினும், அநீதியாகவே தோன்றும்.

'இயந்திரத்தைக் கொண்டு வந்தால் யாவும் தீரும்' என்பார் உளர். 2010இல் தென்னாபிரிக்காவில் இங்கிலாந்தின் லம்பாட் உதைத்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது உலகமறிய நிகழ்ந்தும், கோல் வழங்கப்படவில்லை. அதன் பின்னர், 2012இல் கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவிக்கு அனுமதி கிட்டியது. 2018இல் காணொளி உதவி நடுவர் முறையும் விதியாயிற்று. முதலாவது பெரும் பயன் தந்தது. காரணம், அது உண்மை பற்றிய கேள்விக்கு விடை கூறியது. இரண்டாவதோ 'தெளிவான, வெளிப்படையான பிழை' நேர்ந்தால் மட்டுமே தலையிடவேண்டும் என்பது விதி. எது தெளிவு, எது வெளிப்படை? மீண்டும் கருத்து! கோடிக்கணக்கான பணம் புரளும் ஐரோப்பிய மைதானங்களில் இன்றும் இரசிகர், 'சென்ற வாரம் அவர்களுக்குக் கொடுத்தாயே, இன்று எமக்கு ஏன் இல்லை?' என்றே கேட்கின்றனர். நம் கரையோரத்து முதியவர் கேட்டதும் அதுவேயல்லவா? இயந்திரம் கண்ணுக்கு உதவும். அளவுகோலை அது வகுத்துத் தராது. அவ்வியந்திரத்தை நமது ஊர் மைதானங்களுக்கு வாங்கும் வசதியும் எமக்கில்லை.

கோபம் எங்கே கொண்டு சென்று விடும் என்பதற்கு லீமா நகரம் சாட்சி. 1964 மே 24ஆம் நாள், ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராகப் பெரு நாடு ஒரு கோலால் பின்தங்கியிருந்தது. முடிவுக்குச் சில நிமிடங்களே இருக்கையில் பெரு போட்ட கோலை உருகுவே நாட்டு நடுவர் நிராகரித்தார். இரசிகர் சிலர் மைதானத்துட் புகுந்தனர். பொலிசார் பார்வையாளர் கூட்டத்தின்மீது கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினர். மூச்சுத் திணறி ஓடிய மக்கள், படிக்கட்டுகளின் அடியில் இருந்த இரும்புக் கதவுகள் மூடப்பட்டிருக்கக் கண்டனர். அரசின் கணக்குப்படியே 328 பேர் நசுங்கி மாண்டனர். இவ்வழிவைக் 'கோலை நிராகரித்ததால் வந்த கலவரம்' என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மை. அம்மக்களைக் கொன்றது நடுவரின் ஊதல் அன்று. பூட்டிய கதவும், மக்களைப் பகைவராகக் காணும் அதிகாரமுமே. ஆனால் ஒரு பாடம் நமக்கும் உரியது. முறையிடுவதற்கு வழியில்லாத இடத்தில் மக்கள் முறைப்பாட்டைத் தம் உடலால் சொல்லப் புறப்படுகின்றனர். அதன் விலையையும் தாமே செலுத்துகின்றனர்.

இப்போது நமது நடுவரைப் பார்ப்போம். அவர் பெரும்பாலும் யார்? ஓர் ஆசிரியர், ஓர் எழுதுவினைஞர், முன்னாள் வீரர் ஒருவர். வேலை முடிந்து மோட்டார்ச் சைக்கிளில் வருகிறார். சொற்பப் படி பெறுகிறார். தொண்ணூறு நிமிடம் இருபத்திரண்டு இளைஞரோடு ஓடுகிறார். தீர்ப்புக்குப் பின் தம்மைக் காப்பார் எவருமின்றித் திரும்பிப் போகிறார். குடாநாடு சிறிது, இரு பக்கத்திலும் அவருக்கு உறவினரோ மாணவரோ இருப்பர். இவரை அடிப்பதனால் அளவுகோல் ஒன்றாகிவிடுமா? அடிபட்டவர் விலகுவார், அனுபவம் குறைந்தவர் வருவார், அஞ்சுபவர் கூச்சல் பலத்த பக்கத்துக்கு ஊதுவார். நடுவரை மிரட்டும் கூட்டம் எந்த அநீதியை எதிர்க்கிறதோ அதே அநீதியைத் தானே உற்பத்தி செய்கிறது.

அப்படியானால் ஒரே அளவை எங்ஙனம் பெறுவது? இவ்வேட்டின் வாசகருட் பலர் ஆசிரியர்கள். அவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். பொதுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தச் செல்லும்போது என்ன செய்கிறோம்? கட்டுரை விடையொன்றுக்குப் பத்து ஆசிரியர் தனித்தனியே புள்ளியிட்டால் பத்து விதமான புள்ளி வரும். ஒருவர்கூட நேர்மையற்றவராயிருக்க வேண்டியதில்லை. ஆகவேதான் புள்ளி வழங்கும் திட்டம் முன்கூட்டியே தரப்படுகிறது. எல்லோரும் ஒன்றாயிருந்து அதை விவாதிக்கிறோம். திருத்திய தாள்களை மேலுள்ள பரீட்சகர் மீண்டும் பார்க்கிறார். மாணவன் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். இம்முறையிலும் குறை உண்டு. ஆயினும் எந்த மாணவனும் பரீட்சகரை அடிக்க ஓடுவதில்லை. சீரான தீர்ப்பு ஒரு தனி மனிதரின் கூர்ந்த கண்ணிலிருந்து பிறப்பதன்று. கூட்டு உழைப்பாலும் கூட்டு விவாதத்தாலும் பிறப்பது. நமது உதைபந்தாட்டத்தில் இல்லாதது இதுவே.

எனவே, செய்யத்தக்கவை சில. சுற்றுப்போட்டி தொடங்குமுன் நடுவர்கள், அணித் தலைவர்கள், பயிற்றுநர்கள் யாவரும் ஓரிடத்திற் கூடி, கைப்பந்து, முரட்டு மறிப்பு, நேரங்கடத்தல் முதலியவற்றை இச்சுற்றில் எவ்வாறு கருதுவோம் என்பதைப் பேசி முடிவுசெய்யட்டும். அம்முடிவைத் தமிழில் எழுதி மைதானத்தில் ஒட்டட்டும். இன்று ஆட்டங்கள் பல கைப்பேசிகளிற் பதிவாகின்றன. அவற்றை வசைபாடுவதற்குப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு வாரமும் நடுவர்கள் ஒருங்கிருந்து பார்த்துத் தம் தீர்ப்புகளை ஒப்பிடட்டும். பெரிய பிணக்கு நேர்ந்த ஆட்டத்தின் பின், தீர்ப்புக்கான காரணம் நான்கு வரியில் வெளியிடப்படட்டும். முடிவு மாறவேண்டியதில்லை, காரணம் தெரியவேண்டும். தம் ஊர், தம் பாடசாலை ஆடும் ஆட்டத்தில் ஊத மறுக்கும் உரிமையும் கடமையும் நடுவருக்கு இருக்கட்டும். அவருக்கு மதிப்பான ஊதியமும் பாதுகாப்பும் கிடைக்கட்டும். இளைஞரும் பெண்களும் பெருமளவில் நடுவர் பயிற்சிக்கு வரட்டும். விதியைக் கற்றவன் விதியின் இடர்ப்பாட்டையும் அறிவான்.

இவையெல்லாம் கீழிருந்து செய்யத்தக்கவை. ஆனால் மேலிடத்தை மறக்கலாகாது. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தலும் நிர்வாகமும் குழப்பத்தில் ஆழ்ந்து, 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்டிலேயே தடை நீங்கியது. அம்மாதங்களில் சர்வதேச ஆட்டங்களை இழந்தவர்கள் பதவிக்காகப் போட்டியிட்டோர் அல்லர், ஆடும் இளைஞர்களே. மேலே விதி வளையும்போது கீழே நிற்கும் நடுவர் ஒருவர் மட்டும் நேராக ஊதவேண்டும் என்று கோருவது எளிது. அவருக்கு விதியை மதிக்கக் கற்பிக்கும் கடமையுடையோர் முதலில் விதியை மதிக்கவேண்டும்.

விமர்சனத்துக்கும் இங்கே ஒரு பங்குண்டு. கதையையும் கவிதையையும் நாம் விமர்சிக்கிறோம். ஆயிரக்கணக்கான மக்கள் கூடும் ஆட்டத்தையோ 'விறுவிறுப்பான போட்டியில் வெற்றி' என்ற ஒரு வரியோடு விட்டுவிடுகிறோம். இரசிகனின் சினம் வசையாக வெளிப்படுகிறதென்றால், அதை நியாயமாக வெளிப்படுத்தும் மொழியை நாம் அவனோடு சேர்ந்து உருவாக்கவில்லை என்பதும் ஒரு காரணம். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதை மனனஞ் செய்து புள்ளி பெற்றவர் பலர். மைதானத்திலும் தேநீர்க் கடையிலும் அதைக் கையாண்டவர் சிலரே.

அந்த முதியவர் அன்று தம் ஊரின் தோல்வியை ஏற்றுக்கொண்டுதான் சென்றார். ஆனால் தமது கேள்வியை அவர் விட்டுவிடவில்லை. நடுவரிடம் ஒரே அளவைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வளவை அவரோடு கூடியிருந்து வகுப்பதும், அது நமக்கெதிராக விழும் நாளிலும் அதை ஏற்பதும் அவ்வுரிமையோடு வரும் கடமைகள். அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன் ஒரு கிராமத்தில், ஒரு கழகத்தில், ஓர் ஆசிரியரும் சில மாணவரும் முன்வந்து அத்தகைய முதற் கூட்டத்தைக் கூட்டுவார்களாயின், அதுவே அம்முதியவருக்கு நாம் அளிக்கும் விடையாகும்.